ஓட்டெடுப்பே கிடையாது... குவேக்கர் செமினரியில் பேராசிரியரின் வேலையை முடிவு செய்வது யார்?

ஒரு கல்லூரியில் புதிய பேராசிரியரை நியமிக்க வேண்டும். பத்துப் பேர் ஓகே சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்கிறார். வேறு இடமாக இருந்தால் கையைத் தூக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். குவேக்கர் மரபில் நடக்கும் கல்லூரிகளில் அது நடக்காது. அந்த ஒருவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், ரிச்மண்ட் நகரில் 1960-ல் எர்ல்ஹாம் கல்லூரி தொடங்கிய 'எர்ல்ஹாம் ஸ்கூல் ஆஃப் ரிலிஜன்' இந்த மரபைச் சேர்ந்த செமினரி, அதாவது இறையியல் கல்லூரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒருவரின் வேலையே போகும் நிலை வந்தால் இந்த முறை கைகொடுக்குமா?

குவேக்கர்கள் யார்?

17-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் உள்ளிட்டோர் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் இது. கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் உண்டு என்பது இவர்களின் அடிப்படை நம்பிக்கை. அப்படியென்றால், உண்மை எப்போதும் பெரும்பான்மையின் பக்கம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடமும் அது இருக்கலாம். ஓட்டெடுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

மீட்டிங் எப்படி நடக்கும்?

மௌனத்தோடு தொடங்கும். நடத்துபவரின் பெயர் 'கிளார்க்'. குமாஸ்தா என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தின் தலைவர் மாதிரி. ஆனால் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகு, கூட்டம் எந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்று அவர் சொல்வார். அதைத் தீர்மானமாக எழுதி, அங்கேயே வாசித்து, ஒப்புதல் கேட்பார்கள்.

உடன்படாதவருக்கு இரண்டு வழிகள். "எனக்குச் சம்மதமில்லை, ஆனால் தடுக்க மாட்டேன்" என்று விலகி நிற்கலாம். விஷயம் பெரிதென்று நினைத்தால், மேலே போக விடாமல் நிறுத்தலாம். அப்போது முடிவு தள்ளிப்போகும்.

தள்ளிப்போனால் யாருக்கு நஷ்டம்?

வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1688-ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் சிலர் அடிமை முறையை எதிர்த்து மனு எழுதினார்கள். குவேக்கர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தடை விதித்தது 1776-ல்தான். இடையில் 88 ஆண்டுகள். முடிவு வந்தபோது அது உறுதியாக நின்றது என்பது உண்மை. காத்திருந்த காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இடமே இல்லாத அடிமைகள் என்பதும் உண்மை.

ஒரு செமினரியில் இதே தாமதத்தின் பாரம், ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருக்கும் ஜூனியர் ஆசிரியர் மேல்தான் விழும்.

வேலைப் பாதுகாப்புக்கு என்ன விதி?

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940 அறிக்கை இதில் முக்கியமானது. ப்ரொபேஷன் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதன்பின் 'டென்யூர்', அதாவது நிரந்தரப் பணி. தகுந்த காரணமோ, கடும் நிதி நெருக்கடியோ இல்லாமல் நீக்கக் கூடாது. சமயக் காரணங்களுக்காகக் கருத்துச் சுதந்திரத்துக்கு வரம்பு இருந்தால், வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

பாடத்திட்டம், நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் ஆசிரியர்களுக்கே முதன்மைப் பொறுப்பு என்றது 1966 அறிக்கை. இரண்டுமே சட்டம் அல்ல. கல்லூரி தன் கையேட்டில் எழுதிக்கொண்டால்தான் பிடிமானம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் ட்விஸ்ட். 1980-ல் நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. நிர்வாக முடிவுகளில் இவ்வளவு பங்கு வகிக்கும் பேராசிரியர்கள் 'மேலாளர்கள்'. எனவே, தொழிற்சங்கமாகப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. முடிவில் பங்கு கூடக் கூட, யூனியன் உரிமை குறைகிறது. அதற்கு முந்தைய ஆண்டே, தேவாலயங்கள் நடத்தும் பள்ளிகளின் ஆசிரியர்கள் தொழிலாளர் உறவு வாரியத்தின் வரம்புக்குள் வர மாட்டார்கள் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

2012-ல் வந்த ஹொசன்னா-டேபர் தீர்ப்பு இன்னும் ஒரு கதவைச் சாத்தியது. சமயப் பணியாளராகக் கருதப்படுபவர், தன்னை நீக்கியதற்காகப் பாகுபாடு தடுப்புச் சட்டங்களின் கீழ் சமய நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது. 2020-ல் இது, மதபோதகர் பட்டம் இல்லாத சமயப் பள்ளி ஆசிரியர்களுக்கும் நீண்டது. இறையியல் கற்பிப்பவர் இந்த வட்டத்துக்குள் எளிதாக வந்துவிடுவார். ஆனால், ஒப்பந்த மீறல் வழக்குகள் பற்றி 2012 தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் எழுத்தில் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பு.

பணம் தீரும்போது?

ஆசிரியர் கூட்டத்துக்கு மேலே தலைவரும் அறங்காவலர் குழுவும் இருக்கிறார்கள். பட்ஜெட் அவர்கள் கையில். வட கரோலினாவின் கில்ஃபோர்ட் கல்லூரி செமினரி அல்ல. ஆனால் குவேக்கர்கள் தொடங்கியது. 2020 நவம்பரில் அங்கே முதன்மைப் பாடப்பிரிவுகளில் கிட்டத்தட்ட பாதியை நிறுத்தவும், டென்யூர் பெற்றவர்கள் உட்பட ஆசிரியர்களைக் குறைக்கவும் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அறங்காவலர் குழு திட்டத்தை நிறுத்திவைத்தது. நூற்றாண்டு தாண்டிய குவேக்கர் மரபு இருந்தும், லேஆஃப் பட்டியல் மேலிருந்துதான் வந்தது.

அப்போ என்ன பார்க்க வேண்டும்?

இப்படி ஒரு இடத்தில் சேர்பவர் கையேட்டில் தேட வேண்டியவை நான்கு:

● எந்த முடிவுகள் ஆசிரியர் கூட்டத்துடையவை, எவை அறங்காவலர்களுடையவை?

● ஒருமித்த கருத்து வராவிட்டால் எத்தனை நாளுக்குள், யார் முடிவெடுப்பார்கள்?

● நிதி நெருக்கடி என்று அறிவிப்பது யார்? கணக்கு ஆசிரியர்களுக்குக் காட்டப்படுமா?

● நீக்கப்பட்டவர் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம்?

நம்ம ஊர் ஸ்டார்ட்-அப்களிலும் "இங்கே பாஸ் கிடையாது, எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம்" என்ற பேச்சு சகஜம். கூட்டத்தில் பேச இடம் கிடைப்பது ஒரு உரிமை. நாளைக்கும் அந்த நாற்காலி இருக்கும் என்பது வேறு உரிமை. முதலாவதைக் கொடுத்தார்கள் என்பதற்காக இரண்டாவதைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.