இணையப் பெயரின் விலை எங்கிருந்து வருகிறது?

2019-இல் ‘வாய்ஸ்.காம்’ என்ற டொமைன் பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் விற்றது, பிளாக்.ஒன் நிறுவனம் வாங்கியது. புதிதாக ஒரு டாட் காம் பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும். அப்படியிருக்க, ஐந்தெழுத்துப் பெயர் ஒன்றுக்கு ஏன் இத்தனை கோடி?

விடை, இணையம் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவில் நிற்கும். இரண்டையும் இணைக்க 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடுதான் டிஎன்எஸ். நாம் முகவரியைத் தட்டியதும் தேடல் வலக்கோடியிலிருந்து தொடங்குகிறது. ‘காம்’ பட்டியல் எங்கே இருக்கிறது என்று மூல சர்வர் சொல்லும். வெரிசைன் நிறுவனம் பராமரிக்கும் அந்தப் பட்டியல், ‘வாய்ஸ்’ என்ற பெயருக்குரிய சர்வரைக் காட்டும். அந்த சர்வர் எண்ணைத் தரும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இது குழப்பமின்றி நடக்க, ஒரு பட்டியலில் ஒரு பெயர் ஒருமுறைதான் இடம்பெற வேண்டும். ஒரே ஊரில் நான்கு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கலாம். அந்தப் பெயரில் டாட் காம் முகவரி ஒருவருக்குத்தான் கிடைக்கும். பெயரின் விலைக்கு விதை இந்த விதிதான்.

ஒரு பெயரில் 63 குறிகள் வரை இருக்கலாம் என்பதால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சின்னப் பெயர்களுக்குத்தான் பஞ்சம். 26 ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இரண்டெழுத்துப் பெயர்கள் 676-ம் மூன்றெழுத்துப் பெயர்கள் 17,576-ம்தான் அமைக்க முடியும். டாட் காமில் இவை எப்போதோ தீர்ந்துவிட்டன. காதால் கேட்டதும் பிழையில்லாமல் தட்டக்கூடிய பெயர், ஒரு தொழிலையே சுட்டும் பெயர் என்றால் மதிப்பு இன்னும் கூடும். ‘பிசினஸ்.காம்’ 1997-இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு விலைபோனது. இரண்டே ஆண்டில் 75 லட்சம் டாலருக்கு மறுவிற்பனையானது.

ஆனாலும் இந்தச் சரக்குக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. வாங்குபவரின் தேவைதான் விலையை முடிவு செய்கிறது. அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பிடம் இருந்த ‘எஃப்பி.காம்’ பெயருக்கு 2010-இல் ஃபேஸ்புக் 85 லட்சம் டாலர் கொடுத்தது. தேவை கூடினால் ஒரு தீவின் கஜானாவே நிரம்பும். கரீபியன் தீவான அங்கியுலாவுக்கு ஒதுக்கப்பட்ட நாட்டுக் குறியீடு ‘ஏஐ’. செயற்கை நுண்ணறிவு அலை அடித்த 2023-இல், அத்தீவு அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெயர்ப் பதிவிலிருந்தே வந்தது.

பொதுச் சொல்லை வாங்கி விற்பது நியாயமான வியாபாரம். அடுத்தவரின் வணிகப் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது அப்படியல்ல. அதைத் தடுக்க 1999 முதல் சர்வதேச நடைமுறை உண்டு. சிஃபி என்ற பெயருக்காக சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோடிகள் கொடுத்து வாங்கினாலும் டொமைன் பெயர் நிரந்தரச் சொத்தல்ல. அதிகபட்சம் பத்து ஆண்டுக்குத்தான் முன்பணம் கட்டலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். டாட் காமில் கெடு தாண்டினால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம். பெயர் நீக்கப்பட்ட பின்பும் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்கும் பின் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அந்த நொடிக்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் அதைக் கொத்திக்கொண்டு போகும். பெயரோடு பழைய வாடிக்கையாளர்களும் போவார்கள். அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களையும் புதியவர் பெற முடியும். பாஸ்வேர்டு மாற்றும் கடிதங்கள்கூட அவர் கைக்குப் போகலாம்.

லாட்டரிச் சீட்டுபோல ஆசைப்பட்டுப் பதியும் பெயர்களில் பெரும்பாலானவை விலைபோவதில்லை. உழைத்துச் சம்பாதித்த கடையின் பெயருக்கோ, அதன் உரிமையாளரைப் பொறுத்தவரை உண்மையான மதிப்பு உண்டு. ஆகவே சிறு தொழில் செய்வோர், இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரில் விடாமல், டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிய வேண்டும். தினமும் பார்க்கும் மின்னஞ்சலையே பதிவில் கொடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே இயக்கி வையுங்கள்.