கிணற்று நீரும் நிலைபேறான விவசாயமும்

நிலைபேறான விவசாயம் என்றால் இரசாயனப் பசளையை விட்டுவிடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தின் விலையை 2021இல் கண்டோம். மே மாதம் பசளை இறக்குமதிக்குத் திடீரெனத் தடை வந்தது. மாற்றுப் பசளை போதியளவு இல்லை. நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோக விதைப்பு தொடங்கியிருந்தது; நெல் விளைச்சல் சரிந்தது. கமக்காரர் பிழைக்க முடியாத முறை எதுவும் நிலைபேறானது அல்ல.

இன்றைக்குப் பயிர் செய்யும்போது, நாளை அதே காணியில் பயிர் செய்யப்போகிறவரின் மண்ணையும் நீரையும் கெடுக்காதிருப்பதே அதன் பொருள். யாழ்ப்பாணத்தில் இதை விளங்கிக்கொள்ள ஒரு தோட்டக் கிணறு போதும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆள்வலுவே இறைப்புக்கு எல்லை போட்டது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. மழை சேர்த்ததைவிடக் கூட இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து, கீழிருந்து உவர் மேலேறும்.

மற்ற ஆபத்து மேலிருந்து வருகிறது. வெங்காயத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடு இறங்கி, அதே கிணற்றுக்கு வந்து சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச அளவு. வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா இல்லாதபோது மாட்டெருவும் குழையும் கைகொடுத்தன. அது நாம் விரும்பி எடுத்த வழியல்ல, அதைப் பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அறிவு எங்களிடம் இன்னும் இருக்கிறது. சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த நைதரசன் அடுத்த பயிருக்குக் கிடைக்கும். பனையோலை தாழ்ப்பதும், வெறுங்காணியில் பட்டி அடைப்பதும் மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டும். யூரியா வேண்டுமென்றால் ஒரேயடியாகக் கொட்டாமல், வளர்ச்சிக்கேற்பப் பிரித்துப் போடலாம். வாய்க்காலில் விடுவதைவிடத் தூவல் முறைக்கு நீர் குறைவாகவே போகும்.

சொல்வது எளிது. வலிகாமம் வடக்கில் பல்லாண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பியவருக்கு முன்னால் பற்றைக்காடும் தூர்ந்த கிணறும் கிடந்தன. கடன் வாங்கி அவற்றைத் திருத்தியவருக்கு முதல் போகத்திலேயே காசு வேண்டும். யூரியா மூட்டையை நாடுவதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. சணல் நிற்கும் வாரங்களில் காணியிலிருந்து ஒரு சதமும் வராது. பயிற்சிப் பட்டறையில் கொடுக்கும் கையேட்டைவிட, அந்த வாரங்களைக் கடக்க ஒரு வட்டியில்லாக் கடனும் கொஞ்சம் சணல் விதையும் அவருக்குக் கூடுதலாக உதவும்.