பர்மா ராணியும் இரத்தத் திலகமும்: பழைய போர்ப் படங்களுக்கு எப்படி வயசாகுது?

இந்த எபிசோடைக் குற்றாலத்துல உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னணியில கேக்குறது அருவி இல்லீங்க, தகரக் கூரையில விழுற சாரல்.

1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் ‘பர்மா ராணி’. இயக்கியவர் டி. ஆர். சுந்தரம், ஜப்பானிய அதிகாரியா வில்லன் வேஷம் போட்டதும் அவரேதான். போர்க்காலம், ஃபிலிம் சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. 11,000 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு உத்தரவு. சுருள் கொடுக்கிற பிரிட்டிஷ் அரசு போர் ஆதரவுப் படம் கேட்டது. ஆக, ஜப்பான்காரன் கொடியவன், அவனை எதிர்க்கிறவன் தேசபக்தன்.

இப்போ பக்கத்துல இருக்கிற கடையநல்லூரை எடுத்துக்கோங்க. அந்த ஊர்க்காரங்க நிறைய பேர் அன்னைக்கே சிங்கப்பூர்ல பிழைச்சவங்க. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போச்சு. மறு வருஷம் நேதாஜி அங்கே வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில சேர்ந்தாங்க. அந்தப் படை பர்மா களத்துல ஜப்பான் பக்கம் நின்னு சண்டை போட்டது. படம் வந்த அதே 1945-ல், நவம்பர் மாசம், செங்கோட்டையில (டெல்லியில உள்ளது, நம்ம ஊர் செங்கோட்டை இல்ல!) அந்த அதிகாரிகள் மேல விசாரணை தொடங்குச்சு. மக்கள் அவங்க பக்கம் திரண்டாங்க. தேசபக்தன் யாருங்கிறதே ஒரே வருஷத்துல தலைகீழா மாறிடுச்சு.

அதுக்காக, ஜப்பான் கொடுமைன்னு படம் காட்டினது வெறும் கட்டுக்கதைன்னும் சொல்ல முடியாது. சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துட்டுப் போன தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்ல பல்லாயிரம் பேர் திரும்பி வரல.

அடுத்தது ‘இரத்தத் திலகம்’. சீனப் போர் 1962 நவம்பர்ல நின்னுது, 1963-லயே படம் வந்துடுச்சு. சிவாஜி ராணுவ அதிகாரி, சாவித்திரி சீனாவுக்குப் போய் உளவு பார்க்கிறாங்க. சீன அதிகாரிகள் தெளிவான தமிழ் பேசுறதைப் பார்த்தா இன்னைக்குச் சிரிப்பு வரும். ஆனா அதே நேரத்துல, இந்தியாவுல வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாம்ல அடைச்சு வச்சிருந்தாங்க. இது தெரிஞ்ச பிறகு அந்தச் சிரிப்பு வர மாட்டேங்குது.

இத்தனைக்கும் அந்தப் படத்துல இன்னைக்கும் உயிரோட இருக்கிறது கண்ணதாசன் எழுதின கல்லூரிப் பிரிவுப் பாட்டு. டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினது. பிரியாவிடை விழாவுல அதைப் பாடி அழுத எத்தனையோ பேருக்கு, அது ஒரு போர்ப் படத்துப் பாட்டுன்னே தெரியாது.