அடுப்பு இடம் மாறிய வீடு

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் பகுதியில், சிடிங்ஸ்டோன் ஊருக்கு அருகே 1960களின் இறுதியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். மூழ்கவிருந்த பள்ளத்தாக்கில் பேலீஃப் என்ற பழைய பண்ணைவீடும் இருந்தது. 1968-69இல் அதைச் சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்தார்கள். பிறகு சசெக்ஸ் பகுதியின் சிங்கிள்டனில், 1970இல் திறக்கப்பட்ட வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதை மறுபடி எழுப்பினார்கள். ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய வீட்டைக் கழற்றிப் பூட்ட முடிந்ததற்குக் காரணம், அது முதலில் கட்டப்பட்டதே அந்த முறையில்தான்.

பழங்காலத்து ஆங்கிலேயத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே வேலை செய்தார்கள். பச்சை மரம் கோடரிக்கும் உளிக்கும் எளிதில் வசப்படும். ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதில் குடைந்த துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ரோமன் எண்களைக் கீறி வைத்த பிறகு, பிரித்து மனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இடைவெளிகளில் ஓக் குச்சிகளை நட்டு, வளார்களைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்புவார்கள். பாரம் முழுவதையும் தாங்குவது மரச்சட்டகம்தான். சுவர் வெறும் அடைப்பு. சுவரை எடுத்தாலும் கூரை நிற்கும் என்பதால்தான் இத்தகைய வீடுகளைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்ற முடிந்தது.

பேலீஃபின் நடுவில் ஒரு கூடம். அதற்கு மேல்தளம் கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த வெளி. தரை நடுவில் அடுப்பு எரியும். புகை மேலே ஏறி, ஓடுகளின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிராக இரண்டு வாசல்கள், அவற்றை இணைக்கும் நடை, அதையடுத்து உணவும் பானமும் வைக்கும் சிற்றறைகள். மறுகோடியில் வீட்டுக்காரரின் தனியறை, அதன் மேல் படுக்கையறை. இரு கோடிகளிலும் மாடி முன்புறம் நீட்டிக்கொண்டிருக்க, ஒரே கூரை எல்லாவற்றையும் மூடுவதால் நடுக்கூடம் உள்வாங்கித் தெரியும். 'வீல்டன்' எனப்படும் வகை வீடுகளின் அடையாளம் இது. சன்னல்களில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் மூடுபலகைகளும்தான்.

இந்த முகப்பைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே மூச்சில் கட்டியது என்றே நினைப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. கூடமும் சிற்றறைப் பகுதியும் 1405க்கும் 1430க்கும் இடைப்பட்டவை. வீட்டுக்காரரின் அறைகள் 1505-1510 அளவில் கட்டப்பட்டவை. ஆகவே, இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்த வீடே ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மாற்றியமைக்கப்பட்டதுதான்.

அதற்குப் பின் வந்தது இன்னும் பெரிய மாற்றம். 1577இல் வெளியான தம் நூலில், எசெக்ஸ் கிராமப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் புகைபோக்கிகள் பெருகிவிட்டதை வியந்து பேசியதைப் பதிவு செய்கிறார். வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதிய கட்டுரையில், 1570 முதல் 1640 வரையிலான காலத்தை இங்கிலாந்துக் கிராமங்களின் 'மாபெரும் மறுகட்டுமானம்' என்றார். காலவரம்பு குறித்துப் பின்வந்தவர்கள் வாதிட்டாலும், நடந்தது கண்கூடு. செங்கல் புகைபோக்கி வந்ததும் நடுத்தரை அடுப்பு சுவரோரம் போயிற்று. புகை அடைபட்டதால் கூடத்துக்குக் குறுக்கே உத்திரம் போட்டு மாடி எழுப்பலாம், படிக்கட்டு வைக்கலாம், அறைகளாகத் தடுக்கலாம். அடுப்பு இடம் மாறியதில் வீட்டுக்குள் வாழ்க்கையே மாறிவிட்டது. அரசும் சும்மா இருக்கவில்லை: 1662 முதல் 1689 வரை ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி, 1696 முதல் 1851 வரை சன்னல் வரி.

வீட்டில் நேர்ந்த இந்த மாற்றங்கள் எல்லாம் தடயம் விட்டுச் செல்கின்றன. மாடி போட்ட பழைய வீட்டின் பரணில் ஏறி விளக்கடித்துப் பாருங்கள். கைமரங்கள் கரியேறிக் கறுத்திருந்தால், கீழே ஒரு காலத்தில் திறந்த அடுப்பு எரிந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒரு விட்டத்தின் அடிப்பக்கம் சாய்சதுர வடிவில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றனவா? அங்கே கண்ணாடியில்லாத சன்னலின் மரக்கம்பிகள் நின்றன. வட்டத் துளைகள் வரிசையாக இருந்தால், வளார் பின்னிய ஒரு சுவர் அகற்றப்பட்டிருக்கிறது.

எல்லா மாற்றமும் நன்மையல்ல. மண்ணும் சுண்ணாம்பும் பூசிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டில் பலர் அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் விரிசலுக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றி ஓக் சட்டங்களை உள்ளுக்குள் மக்கச் செய்தது. பல நூற்றாண்டு மழைக்கு அசையாத மரம் சில பத்தாண்டுகளில் உளுத்துப்போவது வேதனையானது. இன்று இங்கிலாந்தில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம்.

பேலீஃபை மறுபடி எழுப்பியபோது, பின்னாளில் சேர்ந்த புகைபோக்கியையும் மாடியையும் விட்டுவிட்டு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த உருவத்தையே கொடுத்தார்கள். அந்த முடிவை நான் ஏற்கிறேன். புகைபோக்கி வைத்த பழைய வீடுகள் கென்டிலும் சசெக்ஸிலும் ஏராளம். திறந்த கூடத்தில் நின்று முகட்டை அண்ணாந்து பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. ஆனால் மக்கள் குடியிருக்கும் வீட்டில் பின்னாளில் சேர்ந்தவற்றை இப்படி நீக்கக்கூடாது. அங்கே 1600ஆம் ஆண்டின் புகைபோக்கியும் 1420ஆம் ஆண்டின் தூணுக்குச் சமமான பழஞ்சொத்துதான்.