குழி நேராக இறங்கினால்தான் வேலி நிமிர்ந்து நிற்கும்!

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியைத் தாண்டிப் போனால் வருகிறது பூண்டி. மலைச்சரிவில் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையும் மேல்மலைக் கிராமம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், விளைந்த வெள்ளாமை வீடு வந்து சேருவதுதான் இங்கே பெரும்பாடு. சுற்றிலும் காடு. 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி. இரவில் இறங்கும் காட்டுமாடும் காட்டுப்பன்றியும் தின்றது பாதி, மிதித்தது பாதி என்று ஆக்கிவிட்டுப் போய்விடும்.

அதனால் மேல்மலையில் வேலி என்பது கட்டாயச் செலவு. வேலிக்குக் கல்கால் ஊன்றக் கடப்பாரையால் குழி எடுத்தால் நாள்கணக்கில் கூலி ஆகிறது. ஆள் கிடைப்பதும் அரிது. டிராக்டரின் பின்னால் மாட்டும் குழி தோண்டும் கருவி இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால், குழி சாய்வாகப் போய்விட்டால் கல்காலும் சாயும், கம்பியும் தளரும். முதல் மழையில் மண் இளகியதும், பன்றி முட்டினாலே கால் படுத்துவிடும். செலவழித்தது வீண்.

சமவெளியில் இது சின்னப் பிரச்னை. மலையில் பெரிய பிரச்னை. ஏனென்றால், இங்கே டிராக்டர் நிற்கும் இடமே சாய்வு.

ஏன் சாய்கிறது?

இந்தக் கருவியில் மூன்று பாகங்கள் முக்கியம். டிராக்டரிலிருந்து பின்னால் நீளும் கை, அதன் முனையில் தொங்கும் கியர் பாக்ஸ், அதற்குக் கீழே மண்ணைத் துளைக்கும் திருகு. பி.டி.ஓ. தண்டு சுழலும்போது கியர் பாக்ஸ் வழியாகத் திருகு சுழல்கிறது. ஹைட்ராலிக் லிவரை இறக்க இறக்க, கை கீழே இறங்குகிறது.

சிக்கல் இங்கேதான். கிணற்று ஏற்றத்தின் துலா இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துலாவின் முனை நேர்கோட்டில் இறங்காது, வில்போல் வளைந்துதான் இறங்கும். கருவியின் கையும் அப்படித்தான். மேலே தூக்கிய நிலையிலிருந்து படுக்கை நிலைக்கு வரும்வரை அதன் முனை டிராக்டரை விட்டு விலகும். அதற்கும் கீழே போனால் மறுபடி டிராக்டரை நெருங்கும். திருகின் நுனி மண்ணுக்குள் பிடிபட்டிருக்க, தலை மட்டும் முன்னும் பின்னும் நகர்வதால் குழி சாய்கிறது.

இதற்கு மருந்து எளிது. முதல் ஓர் அடி ஆழம் போனதும் பி.டி.ஓ.வை நிறுத்த வேண்டும். சுழற்சி முழுவதும் நின்ற பிறகு, திருகின் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தலை பின்பக்கம் சாய்ந்திருந்தால், ஆள் விலகி நின்றபின் டிராக்டரை இரண்டு, மூன்று அங்குலம் முன்னே நகர்த்த வேண்டும். டிராக்டர் பக்கம் சாய்ந்திருந்தால் பின்னே நகர்த்த வேண்டும். முதல் அடியில் திருத்தினால் குழி திருந்தும். இரண்டு அடி போன பிறகு திருத்தினால் குழி அகலமாகுமே தவிர, நேராகாது.

பக்கவாட்டுச் சாய்வு

முன்பின் சாய்வை ஓரளவு கருவியே சரிசெய்துகொள்ளும். கியர் பாக்ஸ் ஊசலைப்போல் முன்னும் பின்னும் ஆடும்படி தொங்குவதால், திருகு தன் எடையிலேயே நேராக நிற்கப் பார்க்கும். பக்கவாட்டில் அந்த வசதி இல்லை. டிராக்டர் எந்தப் பக்கம் சாய்கிறதோ, திருகும் அந்தப் பக்கமே சாயும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்சக்கரங்களுக்கு இடையே 4 அடி. ஒரு சக்கரம் 3 அங்குலம் தாழ்வாக நிற்கிறது. இந்தச் சாய்வில் 2½ அடி குழி போட்டால், குழியின் அடிப்பகுதி ஏறத்தாழ 2 அங்குலம் விலகிவிடும். அதில் ஊன்றும் கல்கால் தரைக்கு மேல் 5 அடி உயரம் என்றால், அதன் தலை ஏறத்தாழ 4 அங்குலம் சாய்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத 3 அங்குலப் பள்ளம் செய்யும் வேலை இது.

அதனால் சரிவில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தக் கூடாது. மேட்டைப் பார்த்தோ, பள்ளத்தைப் பார்த்தோ நேராக நிறுத்தினால் சாய்வு முன்பின் சாய்வாக மாறும், அதைக் கருவி தாங்கிக்கொள்ளும். சிறிய ஏற்றத்தாழ்வு என்றால், தாழ்வான சக்கரம் நிற்கும் இடத்தில் மண் போட்டு மட்டப்படுத்தலாம். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பின் அச்சின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழியின் அகலமும் உதவும். 4 அங்குலக் கல்காலுக்கு 6 அங்குலத் திருகு போட்டால், சுற்றிலும் ஓர் அங்குலம்தான் இடம். சாய்ந்தால் நிமிர்த்த வழியில்லை. 9 அங்குலத் திருகு போட்டால் சுற்றிலும் 2½ அங்குலம் கிடைக்கும். காலைத் தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தி, மண்ணும் சிறுகல்லும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கலாம்.

வண்டி வருவதற்கு முன்

வாடகை மணிக்கணக்கில் ஓடும். அவசரம்தான் பல குழிகளைச் சாய்க்கிறது. அதனால் வண்டி வருவதற்கு முதல்நாளே வேலையை முடித்து வைக்க வேண்டும். இரு கோடிகளிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, ஒவ்வொரு குழிக்கும் சுண்ணாம்புப் புள்ளி வைக்க வேண்டும். அந்த இடத்தில் கடப்பாரையால் நாலு அங்குல ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்துவிட்டால், திருகின் நுனி வழுக்கி ஓடாமல் அங்கேயே உட்காரும். பள்ளம் எடுக்கும்போதே கல் இருப்பதும் தெரிந்துவிடும்.

கருவியையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். எல்லோரும் விலகி நிற்க, திருகைத் தரைக்கு மேலே தூக்கி மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால், நுனி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டமிட்டால் தண்டு வளைந்திருக்கிறது என்று பொருள். அடியில் உள்ள வெட்டுக் கத்திகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் திருகு ஒரு பக்கம் இழுக்கும்.

துளைக்கும்போது வேகம் வேண்டாம். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. குழிக்கு அவ்வளவு தேவையில்லை. இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அரை அடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால், திருகு மண்ணுக்குள் முறுக்கிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் ஹைட்ராலிக்கால் பிடுங்கக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு, பெரிய பைப் ரெஞ்சால் திருகைப் பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்க வேண்டும்.

கல்லில் மோதினால் ஷியர் போல்ட் உடையும். கியர் பாக்ஸைக் காப்பாற்றத்தான் அது உடைகிறது. அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டை மாட்டினால், அடுத்து உடைவது கியர் பாக்ஸாக இருக்கும். மேல்மலையில் மண்ணுக்கு அடியில் கருங்கல் கிடப்பது சகஜம். கல் தட்டினால் கருவியை விலக்கிவிட்டுக் கடப்பாரையை எடுப்பதே மலிவான வழி.

உயிர் முக்கியம்

திருகு இறங்கவில்லை என்று அதன் கை மேல் ஆளை ஏற்றி நிறுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. சுழலும் தண்டில் வேட்டி நுனியோ, துண்டோ, சேலை முந்தானையோ சிக்கினால், கையை உதறுவதற்குள் ஆளையே இழுத்துவிடும். பி.டி.ஓ. தண்டின் மேல் உறை இல்லாத வண்டியை வயலுக்குள் விடக் கூடாது. கருவி சுழலும்போது ஓட்டுநரைத் தவிர யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

படிக்கட்டு வயலில் இன்னோர் ஆபத்து, கரை. வரப்பின் விளிம்பு பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும், மழைக்குப் பிறகு சக்கரத்தின் எடைக்குச் சரிந்துவிடும். கீழ் வயல் எத்தனை அடி பள்ளத்தில் இருக்கிறதோ, குறைந்தது அத்தனை அடி விளிம்பிலிருந்து தள்ளியே சக்கரம் நிற்க வேண்டும். 4 அடி பள்ளம் என்றால் 4 அடி தள்ளி. அந்த அளவுக்கு அகலம் இல்லாத வயலுக்குள் டிராக்டரைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே பெட்ரோலில் ஓடும் கைத்துளைப்பான் போதும். அதுவும் கல்லில் மாட்டினால் கையை முறுக்கிவிடும் என்பதால், இரண்டு பேர் பிடிக்கும் கருவி நல்லது.

தோண்டிய குழியில் அன்றே கால் ஊன்ற முடியாவிட்டால், பலகையோ கல்லோ வைத்து மூடிவிட வேண்டும். திறந்த குழியில் மாட்டின் கால் மாட்டினால் முறிந்துவிடும். குழந்தைகளுக்கும் ஆபத்து.

பழமரக் குழிக்கும் ஆகுமா?

பேரி, பிளம்ஸ் நட இரண்டடிக் குழி எடுப்பவர்களும் இந்தக் கருவியைத் தேடுகிறார்கள். பயன்படுத்தலாம். ஆனால், ஈரமான களிமண்ணில் திருகு சுழலும்போது குழியின் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். தண்ணீர் கசியாமல் தேங்கும், வேரும் வெளியே போகாமல் சட்டிக்குள் வளர்வதுபோல் சுற்றிக்கொள்ளும். கடப்பாரையால் சுவரைச் சுற்றிலும் கொத்திவிட்ட பிறகே நட வேண்டும். அடைமழைக் காலத்தில் குழி போடாமல், மண் பொலபொலவென்று இருக்கும்போது போடுவது நல்லது.

எங்கே கேட்பது?

வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். குழி தோண்டும் கருவி கிடைக்குமா, சொந்தமாக வாங்க மானியம் உண்டா என்பதை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மலைப்பகுதியில் கனரக இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், வண்டியை வரவழைப்பதற்கு முன் வருவாய்த் துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. வேலியில் சூரிய மின்சாரம் இணைப்பதாக இருந்தால், 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு தேவையா என்று வனத்துறையிடம் கேட்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது குற்றம். பன்றிக்கு வைத்த கம்பி, பக்கத்து வயல்காரரின் உயிரையும் எடுத்துவிடும்.

ஒரு குழிக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். சாய்ந்த கல்காலைப் பிடுங்கி மறுபடி ஊன்ற அரை நாள் ஆகும். வாடகை ஓடுகிறதே என்று அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்காமல் இருந்தால், வேலி நிமிர்ந்து நிற்கும்.