வெள்ளீயம் தீர்ந்தபின் மரம் கைகொடுத்த ஊர்

ஒரு குடும்பம் ஒரே வருவாயை நம்பி வாழ்வது எத்துணை இடர் மிக்கது என்பதை வங்கிப் பணியில் உள்ள நாம் நாள்தோறும் காண்கிறோம். ஓர் ஊரே அவ்வாறு வாழ்ந்து, அவ்வருவாய் நின்றபின் வேறொரு தொழிலால் நிமிர்ந்த வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் குடியரசின் எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்கே என்னும் மலைத்தொடர் உள்ளது. ‘தாது மலைகள்’ என்பதே அப்பெயரின் பொருள். வெள்ளியும் வெள்ளீயமும் அங்குப் பல நூற்றாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. இரு நாடுகளிலும் பரவிய இச்சுரங்கப் பகுதி 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அம்மலைத்தொடரில் உள்ள சிற்றூர் சைஃபென். ஓடை மணலை அலசி வெள்ளீயத் தாதைப் பிரித்தெடுக்கும் முறைக்கு வழங்கிய சொல்லே ஊர்ப்பெயராயிற்று. தாது குறையக் குறைய, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மரக்கடைசலை நாடின. சுற்றிலும் காடு இருந்தது. ஓடையில் நீர் இருந்தது. தாதை இடிப்பதற்கு உதவிய நீராற்றலே கடைசல் பட்டறைகளையும் சுழற்றியது. தட்டு, கிண்ணம், பொத்தான் எனத் தொடங்கிய வேலை, 18ஆம் நூற்றாண்டில் பொம்மைத் தொழிலாக வளர்ந்தது. 1849-இல் வெள்ளீயச் சுரங்கப் பணி முடிவுற்றபோது, மாற்றுத் தொழில் முன்னரே வேரூன்றியிருந்தது.

இவ்வட்டாரத்துக்கே உரிய நுட்பம் வளையக் கடைசல். ஈரம் உலராத ஸ்புரூஸ் அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, அவ்வட்டத் துண்டைக் கடைசல் பொறியில் பொருத்துவர். சுழலும் மரத்தை உளியால் இருபுறமும் கடைந்து வளையமாக்குவர். பார்வைக்கு அது மேடுபள்ளம் நிறைந்த வளையம் மட்டுமே. கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தால், வெட்டுமுகத்தில் குதிரையோ பசுவோ யானையோ தோன்றும்! ஒரே வளையத்திலிருந்து பல பத்து உருவங்கள் கிடைக்கும். கடையும்போது உருவம் கண்ணுக்குத் தெரியாது, கைப்பழக்கமே வழிகாட்டும். பின்னர் காது, வால் ஒட்டி வண்ணம் தீட்டுவர். மெழுகுவத்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளியின் மரப்பொம்மை, மறைந்த தொழிலின் நினைவாகக் கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் சாளரங்களை அணிசெய்கிறது.

இத்துணைத் திறமை இருந்தும் கைவினைஞர் நெடுங்காலம் வறுமையில் உழன்றனர். பொம்மைகள் கடல்கடந்து விற்றன. எனினும் சந்தையை அறிந்தவர் மொத்த வணிகரே, விலையை வகுத்தவரும் அவரே. விலை தாழ்ந்ததால் உருப்படிகளைக் கூட்டவேண்டிக் குழந்தைகளும் உழைத்தனர். 1919-இல் கடைசல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விற்பனையில் தாமே இறங்கினர்.

திறமை ஒரு சொத்து. முதலும் சந்தையும் கைவசம் இல்லையேல் அதன் பலன் பிறரைச் சேரும் என்பதே சைஃபென் உணர்த்தும் பாடம். வணிகரிடம் முன்பணம் பெறும் கைவினைஞர், விலை பேசும் உரிமையையும் சேர்த்தே அடகு வைக்கிறார். நம் நாட்டில் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பி.எம். விஸ்வகர்மா திட்டம் இந்நிலையை மாற்ற உதவும். தச்சர், குயவர், பொம்மை செய்வோர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பிணையமின்றி முதலில் 1 லட்சம் ரூபாயும், அதனை முறையாகச் செலுத்தியபின் 2 லட்சம் ரூபாயும் 5 விழுக்காடு வட்டியில் கடனாகக் கிடைக்கும். பொதுச் சேவை மையங்களில் பதிவு செய்யலாம்.

தங்கள் தெருவில் உளியோ சக்கரமோ சுழலும் வீடு இருப்பின், இச்செய்தியை அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.