பெரிய கம்பெனி வேலை: சின்ன ஒப்பந்ததாரருக்குப் பணம் எப்போது கைக்கு வரும்?

பாவூர்சத்திரத்திலிருந்து சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போனால் காற்றாலைகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட பெரிய திட்டங்களிலும் மருத்துவமனை, கல்லூரிக் கட்டடங்களிலும் வயரிங், கேபிள், பேனல் போர்டு வேலைகள் சப் கான்ட்ராக்டாகத்தான் கைமாறுகின்றன. வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஊர் திரும்பிய சகோதரர்கள் பலர் இந்த வேலையை எடுக்க ஆசைப்படுகிறார்கள். வேலை தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. ஆனால் வேலை தெரிந்தவர்களும் கடனாளியாகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ரேட் அல்ல, பணம் தரும் நிபந்தனை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய் வேலை, 4 மாதம், மாதம் 10 லட்சம் வீதம் பில். லாபம் 10 சதவீதம், அதாவது 4 லட்சம். மாத முடிவில் பில் கொடுக்கிறீர்கள். இன்ஜினியர் அளந்து சான்று தர 30 நாள், அதன்பின் பணம் தர 60 நாள் என்று ஒப்பந்தம் சொல்கிறது. முதல் மாத பில்லுக்கான பணம் 120-வது நாளில் வரும். அன்றைக்கு மொத்த வேலையும் முடிந்திருக்கும்! 36 லட்சம் ரூபாய் உங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

வரும் பணமும் முழுதாக வராது. ஒவ்வொரு பில்லிலும் ரிட்டென்ஷன் என்று 10 சதவீதம் பிடித்தால், 4 லட்சம் நிற்கும். உங்கள் லாபமும் அதே 4 லட்சம்தான். குறை தீர்க்கும் காலம் ஓராண்டு என்றால், அதுவரை லாபம் அவர்களிடமே இருக்கும். தனிநபர் ஒப்பந்ததாரருக்கு டி.டி.எஸ். 1 சதவீதமும் பிடிப்பார்கள். 36 லட்சத்தையும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியிருந்தால், பில் பணம் எல்லாம் வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வட்டிக்கே போகும். நமக்கு வட்டி ஹராம் என்பது ஒருபுறம். வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் லாபத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது.

உண்மையில் இங்கே கடன் கொடுப்பவர் சின்ன ஒப்பந்ததாரர், வாங்குபவர் பெரிய கம்பெனி. பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனமான கரில்லியன், சப்ளையர்களுக்கு 120 நாள் தவணை வைத்திருந்தது. 2018 ஜனவரியில் அது திவாலானபோது ஆயிரக்கணக்கான சிறு ஒப்பந்ததாரர்களின் பணம் சிக்கியது. துபாயின் அரப்டெக் நிறுவனமும் 2020-ல் கலைப்புக்குப் போனது. கம்பெனியின் பெயர் பெரிது என்பது பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

எனவே கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. வேலை தொடங்க முன்பணம் உண்டா? கேபிள், பேனல் போன்ற விலை கூடிய பொருட்களைக் கம்பெனியே வாங்கித் தருமா? தந்தால் ரேட் குறையும், ஆனால் உங்கள் முதலீடும் பெருமளவு குறையும்.

2. சைட்டில் இறக்கிய பொருளுக்குப் பணம் உண்டா, மாட்டி முடித்த பிறகுதானா?

3. பில்லை எத்தனை நாளில் சரிபார்ப்பார்கள்? "சான்று தந்தபின் 30 நாள்" என்று மட்டும் எழுதிச் சான்றுக்குக் கெடு வைக்காவிட்டால், அந்த 30 நாளுக்குப் பொருளில்லை.

4. "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்ற பேக் டு பேக் நிபந்தனை உண்டா? பிரிட்டன் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைப் பெரும்பாலும் செல்லாததாக்கியது. இங்கே கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டும்.

5. ரிட்டென்ஷன் எப்போது திரும்பும்? வேலை முடிந்ததும் பாதியாவது கிடைக்குமா?

ஜி.எஸ்.டி.யிலும் கவனம் தேவை. இன்வாய்ஸ் போட்டுவிட்டால், பணம் வராவிட்டாலும் வரி கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீளும் தொடர் வேலையில், பணம் தரும் தேதி ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தே இன்வாய்ஸ் தேதி அமையும். ஒப்பந்தத்தை முன்கூட்டியே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

உத்யம் பதிவு இலவசம். வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் வசதியாக்கக் கவுன்சிலில் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் கம்பெனி 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒரு எச்சரிக்கை: பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தங்களுக்கு இச்சட்டம் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பொருள் சப்ளையையும் வேலையையும் தனித்தனி ஆர்டராகப் பெற முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். தாமதத்துக்குச் சட்டம் தரும் கூட்டு வட்டியை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. அசலைக் கேட்பது நம் உரிமை.

பில்லை முன்கூட்டியே பணமாக்க ட்ரெட்ஸ் என்ற ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற தளங்கள் உள்ளன. ஆனால் பில்லைக் குறைந்த தொகைக்கு விற்பது வட்டியில் சேரும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் பலரின் முடிவு. நமக்கு வேறு வழிகள் உண்டு. உறவினரோ நண்பரோ அந்த ஒரு வேலைக்கு மட்டும் பங்காளியாகலாம்: லாபம் விகிதப்படி, நஷ்டம் முதலீட்டின்படி. "மாதம் இவ்வளவு" என்று நிர்ணயித்தால் அது வட்டியாகிவிடும். அல்லது முதலீடு செய்பவரே கேபிளை வாங்கித் தன் கைவசம் எடுத்து, தெரிந்த லாபம் வைத்துத் தவணையில் உங்களுக்கு விற்கலாம். பணம் தாமதமானாலும் விலையைக் கூட்டக் கூடாது. ஆட்களின் கூலிக்கு ஜமாஅத் பைத்துல்மாலில் அழகிய கடன் கேட்கலாம். எந்த ஏற்பாட்டையும் ஆலிமிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் ஏவுகிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பதை நபிமொழி அநியாயம் என்கிறது. அது பெரிய கம்பெனிக்கு மட்டுமல்ல, நம்மிடம் வேலை பார்க்கும் ஹெல்பருக்குக் கூலி தர வேண்டிய நமக்கும் பொருந்தும்.

முதலீடு போதாமல் போனால் முதலில் அடகுக்குப் போவது வீட்டு நகை. ஆகவே இந்தக் கணக்கை வீட்டாரோடும் உட்கார்ந்து போடுங்கள். முதல் பில் பணம் வரும் நாள்வரை தாங்கும் சக்தி இல்லையென்றால், வேலையின் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வேலைக்குக் கையில் முதலாவது இருக்கும்.